ஓங்கிய கைகள்

கரும்பலகையில் ‘கோ’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, ‘ஆப்பரேட்’ எழுதாமல் நிற்கிறாள் கோகிலவாணி டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி கடைசி பெஞ்சில் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். ‘கோ’ போன்ற முன்னொட்டுக்குப் பின் ஹைஃபன் என்கிற சிறுகோடு வந்தால் பிள்ளைகள் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அவள் பழக்கியதுதான். கைகளெல்லாம் ஓங்கியபடி அந்தரத்தில் நிற்கின்றன. பழைய பாடப்புத்தகத்தில் இந்தச் சொல்லுக்குக் கோடு இருந்தது, புதியதில் பார்த்த நினைவில்லை. வெளியே ஒகேனக்கல் பஸ் ஹாரன் அடித்துப் போகிறது. ஒரு தலையும் திரும்பவில்லை. “தட்டட்டுங்களா டீச்சர்?” என்று முன்வரிசை வெண்மதி கிசுகிசுக்கிறாள். நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்க்கிறாள் டீச்சர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதிகாரியும் கையை ஓங்கியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.