பதினோராவது தாள்

மேசையின் மேல் பதினோரு தாள்களையும் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, காசிலிங்கம் சிவப்புப் பென்சிலைச் சீவினான்.

பிரசவத்துக்கு வரும் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பதினோரு தாள்.

பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது ஐந்து. அவன் கப்பலேறிய மூன்று வருஷத்தில் நம்மவர்கள் சேர்த்தது ஆறு. பழையதை எடுக்க ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை. புதியதைச் சேர்க்க மட்டும் எல்லோருக்கும் கை நீண்டிருந்தது.

எதைக் குறைக்கலாம் என்று புது டைரக்டர் ஓர் அறிக்கை கேட்டிருந்தார். அதற்காகக் காலையில் பதிவேட்டு அறைக்குப் போய், ஏற்கெனவே பூர்த்தி செய்த பழைய கட்டு ஒன்றை அவனே எடுத்து வந்திருந்தான். வெற்றுத் தாளைப் பார்த்தால் மடத்தனம் முழுசாகத் தெரியாது.

கட்டைப் பார்த்ததும் தலைமை எழுத்தர் ராமலிங்கம், "வேற ஏதாவது எடுத்துக்கலாமே தம்பி" என்றார். அவன் காதில் வாங்கவில்லை.

முதல் தாள் கணவர் பெயர் கேட்டது. மூன்றாவது, பொறுப்பாளர் பெயர். நான்காவது, அழைத்து வந்தவர் பெயர். ஆறாவது, குடும்பத் தலைவர் பெயர். இப்படி ஏழு தாளில் ஏழு விதமாகக் கேட்டு, ஏழிலும் ஒரே ஆளை எழுத வைத்திருந்தார்கள்.

"மாடுகூட ரெண்டு தடவைதான் மெல்லும்" என்றான்.

ராமலிங்கம் சிரிக்கவில்லை. "ஒண்ணு தொலஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னு வெச்சதுதான்."

எதுவும் தொலைந்ததில்லை. அதுதான் கேடு. ஒரே விஷயம் ஏழு இடத்தில் இருந்தால், திருத்தும்போது ஆறு இடத்தில் திருத்துவார்கள். ஏழாவது பொய் சொல்லிக்கொண்டு கிடக்கும். இந்தக் கட்டிலேயே, முதல் தாளில் அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. ஒன்பதாவது தாளில் இருபத்தேழு.

அதில் தப்பு சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டான். ஒன்பதாவது தாளுக்கு வந்து சேர அவ்வளவு காலம் ஆகியிருக்கும்.

இரண்டை அடித்தான். மூன்றை அடித்தான். பென்சில் நிற்காமல் போனது.

ஜன்னலுக்கு வெளியே, தாழ்வாரத்தில், வீராம்பட்டினத்து மீன்காரன் ஒருவன் கவுண்ட்டரில் நின்று பெருவிரலை மையில் தோய்த்துக்கொண்டிருந்தான். பின்னால் பெஞ்சில் அவன் பெண்டாட்டி, பலகையின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றியபடி குனிந்திருந்தாள்.

"சாமிக்கண்ணு, சாமிக்கண்ணுன்னு நாலு வாட்டி சொல்லிட்டன். அதுக்குள்ள எம் பேரு மாறியா பூடும்?"

குமாஸ்தா தலை நிமிராமல் ஐந்தாவது தாளை எடுத்தான்.

உள்ளே, பென்சில் கடைசித் தாளுக்கு வந்திருந்தது.

மற்ற பத்தும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கான தாள் அது. பத்திலும் உள்ளதை மறுபடி இதில் எடுத்தெழுதி, ஒப்பிட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பிறகுதான் வார்டுக் கதவு திறக்கும்.

மற்றவை அச்சில் வந்தவை. இது ஸ்டென்சிலில் கையால் வெட்டியது. கோடுகள் நேராக இருந்தன. எழுத்து முத்துமுத்தாக இருந்தது. இதைச் செய்தவன் காலேஜில் படித்தவன். உட்கார்ந்து பத்துத் தாளையும் ஊன்றிப் படித்திருக்கிறான். பத்தும் ஒன்றேதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒன்றைக் கழிக்காமல், ஒன்றைக் கூட்டியிருக்கிறான்.

மற்ற பத்துப் பேரை விட்டுவிடலாம். அவர்களுக்குப் புத்தி கிடையாது.

"இந்த மேதாவிக்குப் பாராட்டுக் கடுதாசி வேற குடுத்திருப்பாங்க" என்றான் காசிலிங்கம்.

ராமலிங்கம் தரையைப் பார்த்தார்.

"குடுத்தாங்க."

பெஞ்சிலிருந்து ஒரு முனகல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கியும், அடங்காமல் வெளியே வந்துவிட்ட சத்தம்.

காசிலிங்கம் எழுந்தான்.

"உத்தரவு வரட்டும் தம்பி. அதுக்கு முன்னாடி ஒரு தாள எடுத்தாலும் உங்க சீட்டு கிழிஞ்சிடும்."

அவன் தாழ்வாரத்துக்குப் போனான். கவுண்ட்டரில் கிடந்தவற்றில் முதல் தாளை மட்டும் உருவி, கீழே கையெழுத்துப் போட்டு, சாமிக்கண்ணுவின் கையில் திணித்தான்.

"உள்ள கூட்டிட்டு போ."

சாமிக்கண்ணு நகரவில்லை. மை அப்பிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். "மீதி காயிதம் சாமி?"

"அதுலயும் நீதான் இருக்க. போ."

கதவு திறந்தது. அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அறையில் ராமலிங்கம் பழைய கட்டைச் சேர்த்து நாடா போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பதினோராவது தாள் மேலே இருந்தது. முதல் தாளை விட்டால், அதில் மட்டும்தான் சிவப்புக் கோடு விழவில்லை.

கமலா. உப்பளம். வயது இருபத்திரண்டு.

தாள் பாதி வரைதான் நிரம்பியிருந்தது. எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோயிருந்தது. அதற்குமேல் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை; அவளுக்காக வார்டுக் கதவு திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது.

கணவர் பெயர் என்ற இடத்தில் காசிலிங்கம் என்று இருந்தது.

கீழே மூலையில், தாளைத் தயாரித்தவர் என்ற இடத்திலும் அதே பெயர்தான். அதே முத்துமுத்தான எழுத்து.