நாற்பத்தேழாம் நம்பர்

"டேய், ஓடி வாங்கடா! நாப்பத்தேழு வந்திருக்கு!"

பெர்னார்ட் போட்ட கூச்சலில் போல்டன் ஊர் மதுக்கடையின் மாடியறை மொத்தமும் எழுந்து நின்றது.

மாதத்தின் முதல் ஞாயிறு, பழைய போர் காமிக்ஸ் பைத்தியங்கள் கூடும் இடம் அது. அங்கே காசு செல்லாது. புத்தகத்துக்குப் புத்தகம்தான். யார் கை முதலில் அட்டைமேல் விழுகிறதோ, அவருக்கே பேரம் பேசும் உரிமை.

நார்மன் சிப்ஸ் தட்டைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான்.

பெர்னார்ட் மேசைமேல் வைத்திருந்தது 'இரும்புப் படை' நாற்பத்தேழாம் இதழ், 1962. அட்டையில் எரியும் டாங்கி, அதன்மேல் தாவும் சார்ஜென்ட். ஒரு மடிப்பு இல்லை, நடுவே குத்திய கம்பிப் பின்னில் துளி துரு இல்லை. நூற்றிருபது இதழில் நார்மனுக்குப் பாக்கி இது ஒன்றுதான். கையை நீட்டினான்.

அதற்குள் அட்டைமேல் வேறு கை விழுந்துவிட்டது. பஸ் ஓட்டும் ட்ரெவரின் கை.

"யோவ், நீ விமானக் கதை மட்டும்தானே சேர்ப்ப? டாங்கி உனக்கு எதுக்கு?"

"வேணும்."

"விட்டுக் குடுப்பா. இது வந்தா என் செட்டு முழுசு!"

"உங்கிட்ட ஒண்ணு இருந்துச்சே?"

"அதை மாத்தி விட்டுட்டேன். சுத்தமான பிரதிக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். என்ன வேணும் சொல்லு, தர்றேன்."

ட்ரெவர் பெர்னார்ட் பக்கம் திரும்பினான். பையிலிருந்து தன் 'வான்புலி' முதல் இதழை எடுத்து மேசைமேல் வைத்தான். அந்த ஒரு புத்தகத்தைப் பார்க்கவே ஆட்கள் லண்டனிலிருந்து ரயில் ஏறி வருவார்கள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றான் பெர்னார்ட். கேட்டபடியே, எங்கே மனசு மாறிவிடுவானோ என்று அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

நார்மன் பொருமினான். தானும் தின்னமாட்டான், தள்ளியும் படுக்கமாட்டான்!

அடுத்து ட்ரெவர் செய்ததைக் கண்டு அத்தனை பேரும் அலறினார்கள். நாற்பத்தேழை விரித்து, நகத்தால் பின்னை நெம்பி, நடுத்தாளை உருவி எடுத்துவிட்டான்.

"அடப்பாவி!" நார்மன் குதித்தான். "அத்தனை வருஷம் முழுசா இருந்த புத்தகம்டா! காமிக்ஸ்மேல பிரியம் இருக்கிறவன் செய்யிற வேலையா இது? இவனை முதல்ல சங்கத்தை விட்டுத் துரத்துங்க!"

"துரத்தணும்! துரத்தணும்!" என்றது கூட்டம்.

ட்ரெவர் மறுபடி குனிந்தான். பையிலிருந்து இன்னொரு நாற்பத்தேழை எடுத்தான். அட்டை மூலையில், அந்தக் காலத்துப் பேப்பர் கடைக்காரர் வீட்டுக்கு வீடு போடப் பென்சிலால் எழுதிய வீட்டு நம்பர்: 14.

அதைப் பார்த்ததும் நார்மன் சட்டென்று உட்கார்ந்து சிப்ஸ் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான்.

ட்ரெவர் உருவிய தாளை அதன் நடுவில் பொருத்தி, பின்னை மடக்கி, அப்போதுதான் மாடியேறி வந்த ஜூடித்திடம் நீட்டினான். போன மாதம் சங்கத்தில் சேர்ந்த நர்ஸ் அவள்.

"போன மாசம் உங்கிட்ட இரவல் வாங்கினதைப் படிச்சிட்டேம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நல்லதாப் போச்சு! அப்பா தினமும் கேக்குறாரு, அந்தக் காலத்துல எங்க பதினாலாம் நம்பர் வீட்டுக்கு வந்த புத்தகம் எங்கேன்னு. இன்னிக்கே படிச்சுக் காட்டிடுறேன்!" முகமெல்லாம் சிரிப்பாகப் படியிறங்கிப் போனாள்.

ட்ரெவர் நார்மனின் காதருகே குனிந்தான்.

"போன மாசம் நடுத்தாள் இல்லாம நீ அவகிட்ட தள்ளிவிட்டதுதான். அவ இன்னும் பிரிச்சுப் பாக்கலை, நல்லவேளை."

பிறகு மேசைமேல் கிடந்ததை எடுத்து அவன் கையில் வைத்தான்.

"இந்தா, நீ கேட்ட நாப்பத்தேழு. நடுத்தாள் மட்டும் இருக்காது."