சாமியாரின் உறுமல்

பயிற்சிக்காரி இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

நாய் தட்டிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. ஆனால் மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

சோஃபாவில் கணவனும் மனைவியும் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாயை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். சங்கிலியை மூன்று முறை இழுத்துப் பார்த்த பிறகும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஐந்து வயது மகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த மகளின் பந்தை எடுக்கக் கணவர் குனிந்தார். அன்று சாயங்காலம் கையில் நான்கு தையலோடு வீடு திரும்பினார்.

"ஒரு சத்தம்கூடக் கொடுக்கலைங்க. கம்முனு இருந்து கடிச்சிடுச்சு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

உண்மையில் அந்த நாயின் பெருமையே அதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளிநாடு போன நண்பர் ஒருவர், நன்றாகப் பழக்கிய நாய், உறுமவே உறுமாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பொய் இல்லை. குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் வாயைத் திறக்காது. வீட்டில் அதற்குச் சாமியார் என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள்.

சாமியார் கடித்த மறுநாள், கணவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் பேசி முடித்துவிட்டார். இந்தச் சனிக்கிழமை, நாயின் கதையை முடிக்கும் ஊசி. அந்தப் பல் மகளின் முகத்தில் பட்டிருந்தால் என்று நினைத்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் ஏதாவது ஒரு வழி பார்க்கலாம் என்று பயிற்சிக்காரியைக் கூப்பிட்டவள் மனைவி.

முதல் நாள் நாயைப் பார்த்ததும் பயிற்சிக்காரியின் முகம் வெளுத்துப்போனது. சரியான பயந்தாங்கொள்ளியைப் பிடித்து வந்திருக்கிறாய் என்று கணவர் மனைவியின் காதைக் கடித்தார்.

பயந்தாங்கொள்ளி பதினேழு நாளாக ஒரு நாள் தவறாமல் வந்தாள். வந்து செய்தது ஒரே வேலை. நாய் சாப்பிடும்போது தட்டை நோக்கி நடப்பாள். அது மூக்கை நக்கினால் பின்வாங்குவாள். கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தால் பின்வாங்குவாள். காது லேசாக மடிந்தாலும் போதும், நீ சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது என்பதுபோல விலகி நின்று ஒரு கறித்துண்டை வீசுவாள். இவள் நாயைப் பழக்குகிறாளா, நாய் இவளைப் பழக்குகிறதா என்று கணவருக்குச் சந்தேகம்.

இன்று வியாழக்கிழமை.

நாயின் முதுகு விறைத்தது. அவள் அப்படியே நின்றாள். சொல்லிடு ராஜா, வாயைத் திறந்து சொல்லிடு என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

நாயின் தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி முதலில் சிக்கியது. பிறகு தாழ்ந்த குரலில், நீளமாக, ஓர் உறுமல் வந்தது.

"போச்சு! உறுமுது! இத்தனை நாள் அது ஒண்ணுதான் இல்லாம இருந்துச்சு!" என்று கணவர் சோஃபா மேலேயே எழுந்து நின்றுவிட்டார்.

பயிற்சிக்காரி அதற்குள் நான்கு அடி பின்னால் போயிருந்தாள். கையிலிருந்த கறி முழுவதையும் வீசினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். உறுமுவது, கொஞ்சம் தள்ளிப் போ என்று நாய் கேட்டுக்கொள்வது. கேட்டதற்காக அடி வாங்கினால் அது கேட்பதை நிறுத்திவிடும். பயம் மட்டும் உள்ளேயே இருக்கும். ஒரு நாள் நேராகக் கடித்துவிடும். இனி இது முதலில் சொல்லும். தட்டைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும், குழந்தையை இதனோடு தனியாக விடக் கூடாது, இன்னும் பல மாதம் பழக்க வேண்டும். ஆனால் பழக்க முடியும்.

கணவர் சோஃபாவை விட்டு இறங்கினார். தையல் தழும்பைத் தடவியபடி நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மருத்துவருக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வரவில்லை என்றார். குரல் தழுதழுத்ததற்குச் சளி என்று சாக்குச் சொன்னார்.

மனைவிக்கு இப்போதுதான் ஆத்திரம் பொங்கியது.

"வாயில்லா ஜீவனை அடிச்சு, இருந்த வாயையும் அடைச்ச பாவி யாருன்னு தெரியலையே. கையில கெடச்சா சும்மா விடமாட்டேன்."

அந்த அறையில் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தட்டை நக்கிக்கொண்டிருந்தார். மற்றவரும் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும்.

பயிற்சிக்காரி நிமிர்ந்து நின்றாள்.

"நான்தாங்க. முன்னால இதை வளர்த்தவர் எட்டு மாசக் குட்டியா எங்கிட்ட கொண்டுவந்து விட்டாரு. பதினோரு நாள்ல உறுமலை நிறுத்திட்டேன். எல்லாரும் பாராட்டினாங்க."

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். பிறகு, நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துவிடுவீர்கள்தானே என்று கேட்டாள்.