பதினேழாவது மடிப்பு

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் கடைவீதியில், ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடையான கில்ட் தைத்துத் தரும் இஷ்பெல் அம்மையார், குலத்துக்கு ஒன்றாகக் கட்டங்கள் நெய்த கம்பளித் துணிகளை மயில்தோகை போல் மேசைமேல் விரித்தார். புதுக் கில்ட் தைக்க வந்த டொர்க்வில் அவற்றில் ஒன்றையும் தொடவில்லை.

"எந்தக் கட்டமா இருந்தாலும் சரிம்மா. பின்பக்க மடிப்புல மட்டும் யார் கண்ணும் நிக்கக் கூடாது."

"நாலு பேர் திரும்பிப் பாக்கணும்னுதான் எல்லாரும் தைப்பாங்க. உங்க பின்பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"எங்க பரிசைத் தின்னுடுச்சு. தேவாலயப் பாடகர் குழுவுக்கு முன்னால நின்னு தாளத்துக்குக் கையசைக்கிறது நான்தான். சபைக்குத் தெரியறது என் முதுகுதான். போன வருஷப் போட்டியில ஒரு நடுவர் பாட்டையே கேக்கல. 'ஒரு மடிப்பில் கோடு விலகியுள்ளது'ன்னு எழுதி மதிப்பெண்ணைக் குறைச்சுட்டாங்க. வீட்டுல எண்ணிப் பார்த்தேன், பதினேழாவது மடிப்பு. இந்த வருஷமும் தோத்தா குழுவுக்கு வேற ஆள்."

"அப்போ ஒவ்வொரு மடிப்புலயும் ஒரே கோடு நேரா வர்ற மாதிரி தைக்க வேணாம். முன்பக்கக் கட்டமே அறுபடாம பின்னாலயும் ஓடட்டும். பச்சையும் கறுப்பும் போதும், கண் வழுக்கிப் போயிடும். அளவெடுக்கணும், திரும்பி நில்லுங்க."

அணிந்திருந்த பழைய கில்ட்டோடு டொர்க்வில் திரும்பி நின்றார். அளவுநாடா அவர் இடுப்பைத் தொடவே இல்லை. இஷ்பெல்லின் விரல் பின்பக்க மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியது.

"பதினேழு இல்லைங்க, பதினெட்டு" என்றார் இஷ்பெல், தாழ்ந்த குரலில். "மன்னிச்சுக்குங்க. முகத்தைப் பார்த்தப்போ எனக்கு அடையாளமே தெரியல."