மெஷின் மேல் பழி

“புது மெஷினைத் திருப்பி அனுப்பப் போறாங்க,” என்றாள் கால்நடை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மனைவி.

“ஏன்?” கணவன் தட்டிலிருந்து நிமிரவில்லை.

“நீங்க நேத்து எடுத்துட்டு வந்த பத்து மாட்டோட ரத்தத்தைச் சோதிக்க வச்சோம். பத்துக்கும் புள்ளி பிசகாம ஒரே அளவு காட்டுது.”

“அப்ப மெஷின்லதான் கோளாறு. சனியன் விட்டுதுன்னு அனுப்பிடுங்க.”

“மத்த ஊர் ரத்தத்துக்கெல்லாம் சரியா வித்தியாசம் காட்டுதே. இந்தப் பத்துல ஒண்ணுக்கு நோய் இருந்தா ஊர் மாடெல்லாம் போயிடும்.”

அவன் தண்ணீர் குடித்தான்.

“ரத்தம் எடுக்கப் போற அன்னைக்கெல்லாம் உதை வாங்கி நொண்டிட்டு வருவீங்க. நேத்து ஒரு சிராய்ப்புகூட இல்ல. பத்துக் குழாயையும் ஒரே சாது மாட்டுகிட்ட ரொப்பிட்டீங்களா?”

அவன் கை கழுவ எழுந்தான். அவள் தைலப் புட்டியை எடுத்து அவன் பையில் வைத்தாள்.

“நாளைக்கு மிச்ச ஒன்பதுகிட்டயும் போங்க. உதைச்சா தடவிக்கலாம்.”