மூன்று தட்டு

நட்சத்திரங்களின் சத்தத்தைக் கேட்பதற்கென்றே பொட்டல்வெளியில் ஒரு பெரிய ஆன்டெனாக் குடை வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றது. அதன் காலடியில் ஒரு சல்லடை. குடை பிடித்துத் தரும் சத்தத்தில் குப்பையைக் கழித்து, மிச்சத்தை விஞ்ஞானிகளுக்கு அனுப்புவது சல்லடையின் வேலை.

ஒருநாள் ஒரு மங்கிய நட்சத்திரத்தின் பக்கமிருந்து சத்தம் வந்தது. மூன்று தட்டு, கொஞ்சம் அமைதி, மறுபடி மூன்று தட்டு.

"அண்ணே, யாரோ கதவைத் தட்டுறாங்க" என்றது குடை.

"இவ்வளவு ஒழுங்கா வந்தா அது நம்ம ஊர்ச் சத்தம்தான். எவனோட செல்போனாவது இருக்கும்" என்று சல்லடை அதைக் கழித்துப் போட்டது.

நாளாக ஆகத் தட்டல் வேகமெடுத்தது. தீப்பிடித்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் தட்டுவதுபோல் இருந்தது. குடைக்குப் பொறுக்கவில்லை.

"உங்க கால்ல விழுறேன் அண்ணே, இதை மட்டும் உள்ளே விடுங்க."

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான் தம்பி. நீ உன் வேலையைப் பாரு."

பிறகு தட்டல் நின்றது. அதே இடத்தில் நட்சத்திரம் வெடித்தது. அந்தப் பேரிரைச்சலில் ஒழுங்கென்று எதுவுமே இல்லை. சல்லடை ஒரு துளி சிந்தாமல் உள்ளே அனுப்பியது. விஞ்ஞானிகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். இப்படியொரு அபூர்வ நட்சத்திர வெடிப்பை யாருமே கண்டதில்லையாம். ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள்.

குடை வாயை மூட வழியில்லாமல் நின்றது.

"பாத்தியா தம்பி," என்றது சல்லடை, "நல்ல சேதி வந்தா நான் என்னைக்காவது தடுத்திருக்கேனா?"