நான்காம் குட்டையின் நிறம்

தவளை சிங்காரத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, அவன் கரையிலிருந்த கணினியை நோக்கித் தத்திப் போனபோது. நான் ஆமை; தண்ணீரிலேயே இருந்துவிட்டேன்.

அந்தக் கோடையில் ஏரி வற்றி ஆறு குட்டைகளே மிஞ்சின. எதில் தண்ணீர் இருக்கிறது என்று மீன்கள் அறிய, இலவச மென்பொருளில் சிங்காரம் ஒரு டேஷ்போர்டு செய்து லிங்க் அனுப்பினான். நிறைந்த குட்டை நீலம், வற்றியது சிவப்பு. ஒரே வாரத்தில் நீலமாயிருந்த ஐந்தாம் குட்டையைக் கொக்குகள் வந்து காலி செய்தன.

"அவங்களுக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்றேன்.

"இலவசத்துல பூட்டு கிடையாதுண்ணே, ஊரே பார்க்கலாம். நான்தான் நிபந்தனையைப் படிக்காம சரின்னு அமுக்கிட்டேன். அடுத்து நம்ம நாலாம் குட்டைதான். போய்ச் சிவப்பாக்கிட்டு வரேன்."

"நம்ம மீனுங்க பயந்துடுமேடா?"

"அதுங்ககிட்ட நீங்க வாயால சொல்லிடுங்க."

சொன்னேன். கொக்குகள் எங்கள் குட்டைக்கு வரவில்லை. திரும்பும் வழியில் சிங்காரத்தை மட்டும் ஒன்று பிடித்துக்கொண்டது.

பிறகு மழை பெய்து ஏரி நிறைந்தது. நிறத்தை மாற்றும் கடவுச்சொல் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த டேஷ்போர்டில் நான்காம் குட்டை இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.